தடிக்காரன்கோணம் தாண்டி

“வருதா மக்கா?”

“வருது.”

டாஷ்போர்டில் சாய்த்து வைத்த கைபேசியில் அபிதாவின் குரல் கரகரத்தது. சுயம்புராஜ் கியரைக் குறைத்தார். ஜல்லி பாரத்தோடு லாரி கீரிப்பாறைக்குப் போகும் ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறியது.

பின்னால் ஸ்கூட்டரில் மகள். ஹெல்மெட்டுக்குள் கைபேசியைச் செருகிக்கொண்டு, லாரியின் புகைக்குழாயைப் பார்த்தபடியே வருகிறாள்.

பழைய எஞ்சினில் வெளிக்கடையில் வாங்கி வைத்த, இழுவைக்கு வலு கூட்டும் டர்போ. வைத்த நாளிலிருந்து நீலப் புகை. உள்ளே போன ஆயில் திரும்பி இறங்க வழியில்லாமல் தேங்கி, புகைக்குழாய்ப் பக்கம் கசிந்து எரிகிறது என்று மெக்கானிக் ஜஸ்டஸ் கண்டுபிடித்தான். ஆயில் இறங்குகிற பைப் ஓரிடத்தில் மடங்கிக் கிடந்தது. இன்று காலையில்தான் அதை மாற்றினான்.

“தடிக்காரன்கோணம் வரைக்கும் பழைய ஆயிலு எரியும் அண்ணாச்சி. அதுக்க பொறவும் பொகஞ்சா ரிங்கு போச்சு. நாளைக்கே எஞ்சினை எறக்கணும், கேட்டீளா. பொறவால ஒரு ஆளு வந்து பாக்கணும்.”

ஆளுக்கு எங்கே போவது? வீட்டுச் சாவியைக் கொடுக்க அபிதா பட்டறைக்கு வந்திருந்தாள். அதையும் அப்பன் கையில் கொடுக்காமல் ஜஸ்டஸின் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஜஸ்டஸ்தான் கூப்பிட்டுக் கேட்டான். சுயம்புராஜுக்குக் கேட்க வாய் வரவில்லை.

எட்டு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

நாளைக் காலையில் அவள் மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறாள். நர்ஸ் வேலை. இனி இரண்டு வருடம் கழித்துத்தான் லீவு. ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாளோ என்ற பயத்தில் அவருக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

“மிதிக்கும்போ வருதா, காலை எடுக்கும்போ வருதா?”

“ரெண்டுலயும்.”

வலதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தார். ரப்பர் மரங்களின் நிழலில் ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்தது. அவளுடைய ஹெல்மெட் வாரின் நுனி காற்றில் அடித்துக்கொள்வதுகூடத் தெரிந்தது.

“வாரை இறுக்கிக் கெட்டு மக்கா.”

கண்ணாடியில் ஒரு கை மேலே போய் வாரை இழுத்தது.

தடிக்காரன்கோணம் தாண்டி அடுத்த வளைவில் மறுபடி கேட்டார். வருது என்றாள். அதற்கடுத்த வளைவிலும் கேட்டார். வருது என்றாள். அதற்குப் பிறகு அவளே கேட்டாள்.

“இது எதுக்கு வச்சீங்க?”

“எது?”

“டர்போ.”

ஊரில் எல்லோரும் கேட்ட கேள்விதான். கிழட்டு லாரிக்கு எதற்கு இந்த ஜம்பம் என்று வடசேரி சந்தையில் கேலி பேசாத ஆள் இல்லை. ஏதாவது சொல்லிச் சிரித்துச் சமாளித்திருக்கிறார். இவளிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் அன்றைக்குத் திண்டுக்கல்லில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கயத்தாறு வந்தபோது இவள்தான் போனில் கூப்பிட்டாள். அம்மா உங்களைக் கேட்குது, சீக்கிரம் வாங்க என்றாள். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தார். பாலம் பாலமாக வண்டி ஊர்ந்தது. முப்பந்தலில் எதிர்க்காற்று வேறு. ஒவ்வொரு மேட்டிலும் அவர் வாய்விட்டுக் கெஞ்சினார், இரும்பைப் பார்த்துக் கெஞ்சினார். போய்ச் சேர்ந்தபோது மனைவி முத்துக்கனியின் முகத்தை மூடியிருந்தார்கள்.

எங்க போயிருந்தீங்க என்று அபிதா கேட்டாள். அதுதான் அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது. அடுத்த மாதம் அவர் போய் டர்போவை வாங்கி வந்தார். எதற்கென்று அவருக்கே தெளிவில்லை.

“ஏத்தத்துல இழுக்கதுக்கு மக்கா” என்றார். அப்புறம் கியரை மாற்றிக்கொண்டு, “அன்னைக்கு இது இருந்திருந்தா வந்து சேந்திருப்பேன்” என்றார்.

இணைப்பை அவள் துண்டிக்கவில்லை.

கீரிப்பாறையில் லாரியை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்காமல், இணைப்பை முடித்துக் கைபேசியை எடுத்துக்கொண்டு இறங்கிப் பின்பக்கம் போனார். அபிதா ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

கைபேசி அடித்தது. ஜஸ்டஸ்.

“என்ன அண்ணாச்சி, பொக நின்னுட்டா?”

சுயம்புராஜ் புகைக்குழாயைப் பார்த்தார். அபிதாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் வாயில் சுத்தமான வெறும் காற்று.

“நிக்கல டே” என்றார். “இன்னும் வருது.”

அபிதா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

தடிக்காரன்கோணம் தாண்டியதுமே அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டிருந்தார். புகை அங்கேயே நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வளைவிலும் அவர் கேட்டார், அவள் வருது என்றாள்.

“எறங்கும்போவும் ஒருக்கா பாத்திருவோமா மக்கா?”

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கைபேசியை ஹெல்மெட்டுக்குள் மறுபடி செருகினாள்.

“பாத்திரலாம்” என்றாள். “மெதுவாப் போங்கப்பா.”