பொய் சொல்லாத முள்

ஐந்தருவிச் சாலையோரம் சாரல் தூறிக்கொண்டிருக்கிறது. சீசனின் முதல் சவாரிக்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்ட பழைய டாக்சியின் பானெட்டுக்குள் எபனேசர் குனிந்திருக்கிறான். தண்ணீர்க்குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் விரலால் தடவி, பழைய வெப்ப சென்சாரைக் கழற்றுகிறான். போன வருஷம் மேட்டில் ஏறும்போதெல்லாம் டாஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்ச் சவாரிகள் பயந்தார்கள். சென்சார் பொய் சொல்கிறது என்று அதன் வயரைப் பிடுங்கிவிட்டவன் அவனேதான். அன்றிலிருந்து முள் படுத்தே கிடந்தது, அவனும் ஓட்டிக்கொண்டே இருந்தான். இப்போது புதிய சென்சாரைத் திருகி வயரை மாட்டுகிறான்.

"ஏட்டி ஜெஸி, சாவியத் திருப்பு."

உள்ளே உட்கார்ந்திருக்கும் மனைவி திருப்புகிறாள். வண்டி இருமி இருமி ஓடுகிறது. முள் மெல்ல எழுந்து, பாதியைத் தாண்டி, நிற்காமல் ஏறுகிறது. திறந்திருக்கும் ரேடியேட்டர் வாயில் தண்ணீரோடு கலந்த என்ஜின் ஆயில் பால்காப்பி நிறத்தில் நுரைத்து வழிகிறது. நெடுநாள் சூட்டில் என்ஜின் உள்ளே கெட்டுப்போயிருந்தால்தான் இப்படி வரும்.

"செவப்புக்குப் போயிட்டு," என்கிறாள் ஜெஸி. "இதுவும் பொய்தான் சொல்லுதோ?" என்று கேட்கிறாள், ஆமாம் என்று சொல்லிவிட மாட்டானா என்பதுபோல.

எபனேசர் உள்ளங்கையில் கிடக்கும் பழைய சென்சாரைத் துண்டால் துடைக்கிறான். துடைத்துக்கொண்டே இருக்கிறான்.