போக வர இரண்டு

டிக்கெட் கவுன்டர் வரிசையில் அவர்களுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர்.

அண்ணன் நான்கு பேரையும் எண்ணிவிட்டார். பக்கத்து வரிசையில் மூன்றே பேர்தான் என்று முழங்கையால் தங்கையை இடித்துக் காட்டினார். அவள் காணாதவள் போல நின்றாள். வரிசை நகராமலே இருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஆளுக்கு ஒரு பை. அண்ணனுடையது பெரியது. நாலு நாள் கடற்கரைக்குப் போகிறவருக்கு எதற்கு இத்தனை பெரிய பை என்று அவர் கேட்டால் சொல்ல, நேற்றே ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை.

கேட்காமல் விடுகிற ஆளா அவர்! தெருவில் அவருக்குப் பெயரே ‘தள்ளுபடி’தான். நாற்பது வருஷம் பெயின்ட் கடையில் நின்று விற்றவர். ஒரு சோப்பு வாங்க மூன்று கடை ஏறி இறங்குவார். நசுங்கிய டப்பா, அட்டை கிழிந்த பற்பசை, நாளையோடு தேதி முடிகிற பால் என்று எது எந்தக் கடையில் எத்தனை மணிக்கு விலை குறையும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வீட்டுக்குள் வரும் ஒரு துண்டுச் சீட்டைக்கூட விடமாட்டார். பின்பக்கம் வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கஞ்சத்தனம்தான் அவளைக் கட்டிக்கொடுத்தது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது, ஒரு வார்த்தை கேட்காமல் சோறு போட்டதும் அதே கஞ்சத்தனம்தான். அவர் தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. ஐம்பத்தாறு வயதாகியும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

இப்போதெல்லாம் சாப்பிட்டோமா இல்லையா என்பதே அவருக்கு மறந்துபோகிறது. விலை மட்டும் மறக்கவில்லை.

போன மாதம் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு, பற்றவைக்க மறந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து விளம்பரத் தாள் படித்துக்கொண்டிருந்தார். மாடிவீட்டுக்காரி வாசனை பிடித்து ஓடிவந்ததால் பிழைத்தார். அது மூன்றாவது தடவை. வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லி மாதக் கடைசி வரை கெடு கொடுத்தார். அவளுக்கோ ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பகல் முழுக்க வேலை. வேலைக்குப் போகாவிட்டால் வாடகை இல்லை. போனால் அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

அலைந்து திரிந்ததில், கடலோர ஊரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. காசு வாங்காத இடம். அங்கிருந்து வந்த கடிதத்தை, வேலைக்குக் கொண்டுபோகும் பையின் அடியில் சொருகி வைத்தாள். அண்ணனிடம் சொன்ன கதை வேறு. கடலுக்குப் போகிறோம், நாலு நாள், கூட்டம் இல்லாத சமயம், ரூம் பாதி விலை.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்வாள்? தெரிந்தால் அவர் கத்தமாட்டார், அடம்பிடிக்கவும் மாட்டார். அதுதான் அவளுக்குப் பயம். அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வரையிலாவது இவருக்குத் தெரியாமல் இருக்கட்டும் தெய்வமே, என்று ஒரு வாரமாக அது ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை அவருக்குச் செருப்பு வாங்க, பழைய சரக்கைக் கழித்துக்கட்டும் கடைக்குப் போனார்கள். செருப்போடு ஒரு கம்பளிச் சட்டையையும் தூக்கிக்கொண்டு வந்தார். குளிருக்கு இன்னும் ஆறு மாதம் கிடக்கிறது. இப்போது வாங்கினால்தான் சல்லிசு என்றார். இந்த மனுஷன் திருந்தவே மாட்டார் என்று அவளும் சிரித்துக்கொண்டே பணத்தைக் கொடுத்தாள்.

முன்னால் இரண்டு பேர்.

டிக்கெட்டில்தான் சிக்கல். அவளுக்குப் போக வர, அவருக்குப் போக மட்டும். நியாயமாகப் பார்த்தால் அப்படித்தான் எடுக்க வேண்டும். ஆனால் அண்ணன் டிக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைக்கமாட்டார். திரும்பி வரும் தேதி இல்லையென்றால் அந்த நிமிஷமே பிடித்துவிடுவார். இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். இரண்டு பேருக்குமே போக வர எடுத்துவிடுவது. அவர் திரும்பி வரும் காசு தண்டம்தான். போகட்டும். அந்த வீட்டில் தெரிந்தே தண்டமாக்கும் முதல் காசு அது.

முன்னால் இருந்த கடைசி ஆளும் நகர்ந்துவிட்டார்.

கவுன்டர்க்காரர் தலையை நிமிர்த்தாமலே எந்த ஊர், எத்தனை பேர் என்று கேட்டார். அவள் ஊரைச் சொன்னாள். இரண்டு பேர், போக வர என்றாள். குரல் பிசிறாமல் வந்ததே, அதுவே பெரிய விஷயம். பர்ஸைத் திறந்து பணத்தை எடுத்தாள்.

அண்ணன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். குனிந்து, கண்ணாடியில் இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், கடைகளில் பேரம் பேசுகிற அதே நிதானமான குரலில் சொன்னார்.

“ரெண்டு வேணாம் தம்பி. இவளுக்கு மட்டும் போக வரப் போடுங்க. எனக்குப் போறதுக்கு மட்டும் போதும்.”

கவுன்டர்க்காரர் இப்போதுதான் நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். பிறகு அண்ணன் சொன்னபடியே டிக்கெட்டை அடித்துக் கொடுத்தார்.

மிச்சத்தை அண்ணன்தான் வாங்கி எண்ணினார். சரியாக இருந்தது. அவள் விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் காசை வைத்து, மூடிவிட்டார்.

“பத்திரமா வச்சுக்க பாப்பா. இதே அளவு இன்னொரு தடவை மிச்சம் பிடிச்சேன்னா, ஒரு தடவை வந்து என்னைப் பாத்துட்டுப் போயிடலாம்.”