ஓங்கிய கை

தாமிரபரணிக் கரையில் தன் கையைப் போலச் சுத்தமான கை இன்னொன்று கிடையாது என்பது வங்கி அதிகாரி கோபாலசுப்பிரமணியனின் கொள்கை. மனைவி சீதாலக்ஷ்மி அவர்மேல் தொடுத்த கொடுமை வழக்கில் அரசு வக்கீலே அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, “சாட்சி இல்ல சாமி, கேஸ் நிக்காது” என்றார்.

கூண்டில் ஏறியதும் மாஜிஸ்திரேட் கேட்டார்: “அடிச்சீரா?”

“தொட்டதே இல்லை சார்.”

சொல்லும்போதே அவருடைய சந்தன வாசனை வலக்கை கன்னத்தில் அறையும் உயரத்துக்கு எழுந்து, அப்படியே நின்றது.

“கையை இறக்கும் வே!” என்று கோர்ட் டவாலிச் சேவகர் அதட்டினார்.

“இறங்க மாட்டேங்கறது.”

இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்துத் தொங்கியும் இறங்கவில்லை. அறையின் மறுகோடியில் நின்ற சீதாலக்ஷ்மி, பழக்கத்தில் முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“சாட்சி ஒண்ணுன்னு எழுதிக்கோ,” என்றார் மாஜிஸ்திரேட். பிறகு தன் வலக்கையைப் பைய இழுத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.