சீனி டப்பா வரைக்கும் போன கை

டீக்கடை மேடையில் சிந்திக் கிடந்த சீனியில் பெரிய மணியாகப் பார்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தது கட்டெறும்பு. எதிரே சித்தெறும்பு வாயைப் பிளந்தபடி நின்றது.

"அக்கா, நம்ம மாஸ்டர் இன்னிக்கும் தன் டீயில சீனி போடலை!"

"அதுக்கு?"

"ஊருக்கெல்லாம் அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்குறார். தன் கிளாஸுக்கு மட்டும் கை டப்பா வரைக்கும் போய்த் திரும்பிடுது. சர்க்கரை வியாதியாம். பஜ்ஜியைத் தொடுறதில்லை, சுண்டல்தான். சைக்கிளை ஓரங்கட்டிட்டுக் கடைக்கு நடந்தே வர்றார். நாற்பது நாளாச்சு!"

கட்டெறும்புக்குச் சிரிப்பு வந்தது. "வாயைக் கட்டுறது ஒரு பெரிய விஷயமா? வேணாம்னா வச்சுட்டுப் போகவேண்டியதுதானே."

"அப்போ உன் சீனியை வச்சுட்டுப் போயேன், பார்ப்போம்."

கட்டெறும்புக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சீனியைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தது. நாலு அடி நன்றாகத்தான் போனது. ஐந்தாவது அடியில் பின்னாலிருந்து சீனி கூப்பிடுவது போலிருந்தது. அடுத்த அடியில் ஆறு கால்களும் பின்னிக்கொண்டன. திரும்பி ஓடிவந்து சீனியைக் கட்டிப்பிடித்த பிறகுதான் மூச்சே வந்தது.

சித்தெறும்பு சிரிக்கவில்லை. இரண்டும் மேலே பார்த்தன.

மாஸ்டர் தனக்கு இன்னொரு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் கை டப்பாவை நோக்கிப் போனது. மூடியைத் தொட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மெல்லத் திரும்பி வந்தது.

"எம்மாடி!" என்றது கட்டெறும்பு. சீனியை இறக்கி வைத்துவிட்டு, முன்னங்கால்களைத் தூக்கி அந்தக் கையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டது.

கும்பிட்டு முடித்ததும் சீனியைத் தூக்கிக்கொண்டது.