வசிக்காதவர்

ஆர்னெலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பாங்காக் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் உள்ளூர்க் கம்பெனியில் வேலை, கையில் புது விசா. ஒரு காலத்தில் மணிலாவில் வாடகைக்கே திணறியவன் வீட்டில் இப்போது சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டி.வி., மனைவி லிகாயாவின் கழுத்தில் முத்துமாலை. எல்லாம் அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே உழைத்துச் சேர்த்த டாலரை இங்கே கொண்டுவந்து வாங்கியவை.

அதில் மண்ணைப் போடப் பார்த்தது வரி. வேலை விசாவுக்கு மாறியதால் இனி தாய்லாந்துவாசி என்றும், கொண்டுவந்த பணத்துக்கெல்லாம் வரி கட்ட வேண்டும் என்றும் ஆபீஸில் பயமுறுத்தினார்கள். அவன் குடியிருப்பில் இருந்த பிலிப்பினோ நண்பர்கள்தான் தனாகோன் என்ற ஆடிட்டரை அனுப்பிவைத்தார்கள்.

தனாகோன் வீட்டுக்கே வந்தார். லிகாயா செய்த அடோபோவை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"விசா மாறினா என்ன, மாறாட்டி என்ன? சட்டம் நாள் கணக்கைத்தான் பார்க்கும். இந்த வருஷத்துல நூத்தியெண்பது நாள் இங்க இருந்துட்டா நீங்க இந்த ஊர்க்காரர். அதுக்கு முன்னாடி கிளம்பிட்டா இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போங்க, புது வருஷம் பொறந்ததும் வாங்க."

"நானுமா?" என்றாள் லிகாயா.

"உங்க பேர்லயும் பணம் வந்திருக்கேம்மா. ரெண்டு பேரும்தான்."

ஃபீஸ் எவ்வளவு என்று ஆர்னெல் கேட்டதற்கு, வரி மிச்சமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்துவிட்டார். வழியனுப்ப விமான நிலையத்துக்கே வந்து கையாட்டினார். அதே விமானத்தில் அவருடைய ஆலோசனைப்படி ஊருக்குக் கிளம்பிய, அதே குடியிருப்பின் இன்னும் மூன்று குடும்பங்கள். பள்ளிக்கு மட்டம் போட்ட பிள்ளைகள் மாதிரி எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததற்கே ஆர்னெலுக்கு வியர்த்துவிட்டது.

மணிலாவில் பயம் தெளிந்தது. நள்ளிரவு விருந்து, விடிய விடிய கரோக்கி. அரசாங்கத்துக்கே அல்வா கொடுத்துவிட்டதாகச் சித்தப்பா, மாமா, மச்சான் என்று ஒருவர் விடாமல் சொல்லிப் பீற்றிக்கொண்டான்.

புது வருடம் பிறந்து பாங்காக் திரும்பியபோது குடியிருப்பு வாசலில் போலீஸ் ஜீப் நின்றது.

"நீ எதையும் வாயைத் திறந்து சொல்லாத," என்று லிகாயா கிசுகிசுத்தாள்.

"ஊரெல்லாம் பாடினேன். யாரோ போட்டுக் கொடுத்துட்டான்," என்றான் அவன்.

இன்ஸ்பெக்டர் பெயரைக் கேட்டதுதான் தாமதம், அவன் உடைந்துவிட்டான். வரிக்குப் பயந்துதான் நாட்டைவிட்டுப் போனதையும், போகச் சொன்னது தனாகோன் என்பதையும், மனைவிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதையும் மூச்சுவிடாமல் கொட்டினான். எவ்வளவு அபராதமானாலும் கட்டிவிடுவதாகக் கும்பிட்டான்.

இன்ஸ்பெக்டர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஊருக்குப் போறது ஒண்ணும் குத்தமில்லைங்க. நீங்க நாலு வீட்டுக்காரங்களும் கிளம்பின அன்னைக்கே உங்க ஆடிட்டர் லாரியோட வந்து, சுவரை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கார்."