கொள்ளுத்தாத்தா குடைந்த மலை

"மலைக்கு அந்தப் பக்கம் பேண்டு செட் ரெடி சார். உங்க தலை தெரிஞ்சதும் அடிக்க ஆரம்பிச்சிடுவாங்க" என்று போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார் ரயில்வே அதிகாரி. அவர் இந்த மலைக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

விழா நாயகரான தொழிலதிபர் கோட்டைச் சரிசெய்துகொண்டார். அந்தப் பழைய ரயில் குகைப்பாதைக்கு அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயரை வைக்கப்போகிறார்கள்.

வாசலை ஒட்டி மணிமண்டபமும் வருகிறது. அதற்காக, பக்கத்தில் குடியிருக்கும், தண்டவாளம் பராமரிக்கும் டிராக்மேன்களின் ஆறு வீடுகளிலும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது.

"இப்ப இதுல ரயில் போறதில்லையா?" என்று கேட்டார் ஒரு நிருபர்.

"அதெல்லாம் பக்கத்து டன்னல்ல போகுது. இது வயசானது, ரிட்டயர் ஆயிடுச்சு" என்று சிரித்தார் அதிகாரி.

தொழிலதிபர் டார்ச்சைக் கூரைப் பக்கம் அடித்தார். "நூத்தி முப்பது வருஷம். இதுல ஓடின கரி எஞ்சினுக்குக் கணக்கே இருக்காது. கூரையில ஒரு பொட்டுப் புகைக்கறை இருக்கா பாருங்க. வேலைன்னா இது."

பலமாகக் கை தட்டினார்கள்.

"எடுத்த காரியத்தைப் பாதியில விட்டது எங்க பரம்பரையிலயே கிடையாது" என்றவர், ஓரமாக நின்ற வயதான டிராக்மேனைப் பார்த்தார். "இப்ப இருக்கிறவங்களுக்கு அதெல்லாம் எங்க புரியுது? குனிஞ்சு நிமிர்ந்தா சம்பளம் வந்துடுது."

டிராக்மேன் தொண்டையைச் செருமினார். "ஐயா, ஒரு விஷயம்..."

"வீட்டு விஷயமெல்லாம் ஆபீஸ்ல வந்து பேசு" என்று அடக்கினார் அதிகாரி. "ஐயாவோட கொள்ளுத்தாத்தா குடைஞ்ச டன்னலைக் காட்டச் சொன்னேன், காட்டிட்டே. இனிமே வாயைத் திறக்காதே."

டிராக்மேன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

ரிப்பனை வெட்டி, டார்ச்சையும் அதிகாரியிடம் கொடுத்துவிட்டுத் தொழிலதிபர் தனியாக உள்ளே நடந்தார். இருட்டிலிருந்து ஒற்றை ஆளாக வெளிப்பட்டால்தான் படம் எடுப்பாக இருக்கும் என்பது அவருடைய சொந்த யோசனை.

இருபது நிமிடம் போனது. "இன்னும் காணோமே சார்" என்று அந்தப் பக்கத்திலிருந்து போன் வந்தது. அதிகாரி குகைக்குள் எட்டிப் பார்த்தார்.

அப்போது உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. தொழிலதிபர் போன வழியிலேயே திரும்பி வந்துகொண்டிருந்தார். நெற்றி எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது. கோட்டெல்லாம் மண்.

"எவன்யா உள்ளே குறுக்கே சுவர் எழுப்பினது?" என்று அதிகாரி மேல் பாய்ந்தார். "என் கொள்ளுத்தாத்தாவுக்கு இப்படி ஒரு அவமானமா?"

அதிகாரி டிராக்மேன் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷமா இங்கதானே கெடக்கறே. வாயைத் திறந்து சொல்லேன்யா. அந்தச் சுவரைக் கட்டினது யாரு?"

டிராக்மேன் பணிவாகச் சொன்னார்:

"அது சுவர் இல்லீங்க, மலை. பெரியவர் அதுவரைக்கும்தான் குடைஞ்சாரு."