அழுகுணி ஆட்டம்

மாற்றுத்திறனாளிகளுக்காகத் தன்னார்வலர்கள் நடத்திவந்த சனிக்கிழமை மன்றத்தை மூடிவிட்டு, ஆளுக்கொரு சுவர்த்திரை கொடுத்தார்கள். மன்றத்து நண்பர்களின் கணினிப் பிரதிகள் அச்சு அசலாக அதில் தோன்றிக் கேரம் ஆடின.

அமலோற்பவத்துக்கு மூன்றே வாரத்தில் சலித்துவிட்டது. திரைத் தாமோதரன் ஒரு தடவைகூட அழுகுணி ஆட்டம் ஆடவில்லை. சிவப்புக் காயைக் கட்டைவிரலால் நகர்த்தவில்லை.

"வீட்டுக்கே வர்றாங்களேக்கா, எங்க கிளம்பிட்ட?" என்றாள் தங்கை.

"வர்றது அவன் இல்லடி."

இரண்டு கிலோமீட்டர் சக்கர நாற்காலியை உருட்டியதில் உள்ளங்கை கொப்பளித்தது. மன்ற வாசலில் பழைய தன்னார்வலர் மெர்சி பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோலோடு தாமோதரன்.

"நீ எதுக்குடா வந்தே?" என்றாள் அமலோற்பவம்.

"என் திரையில நீங்க தோத்தா சிரிக்கிறீங்கக்கா. பார்க்கச் சகிக்கல."